வெண்டைக்காய், வெண்டைக்காய், பூண்டு: குட்டிகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் சந்தோஷம்

ஐந்து வயதிலிருந்து எட்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பது, பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கஷ்டம். சொன்னால் பலர் நம்புவதில்லை. "சரளி வரிசைதானே, அதிலென்ன இருக்கு?" என்பார்கள். சரளி வரிசை என்பது கர்நாடக சங்கீதத்தில் ஏழு ஸ்வரங்களை ஏற்றி இறக்கிப் பாடும் முதல் பாடம். சங்கீதம் தெரிந்த என் தோழிகளே சின்னப் பிள்ளைகளின் வகுப்பை மூத்த மாணவிகளிடம் விட்டுவிட்டு, வர்ணம், கிருதி என்று பெரிய பாட்டுகள் பாடுகிறவர்களைத் தங்களிடம் வைத்துக்கொள்கிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சாயங்காலம் நடக்கும் வகுப்பில் குட்டிகளைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். அலுக்கவில்லையா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், இப்போதுதான் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கும் இளம் ஆசிரியைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அலுப்பு வரத்தான் செய்யும். ஒரே மாலையில் இரண்டு மூன்று குழுக்களுக்கு அதே ச ரி க ம ப த நி பாடினால், வாய் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும், மனசு ராத்திரிச் சமையலுக்குப் போய்விடும். அலுப்பு விட்டுப்போக எனக்கு உதவியது ஒன்றுதான். பாட்டைக் கவனிப்பதைக் குறைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் காதில் என்ன விழுகிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு பிள்ளைக்கு ரிஷபம், அதாவது 'ரி', எங்கே இருக்கிறதென்று நேற்று தெரியவில்லை, இன்றைக்குத் தெரிகிறது. அந்த நிமிஷத்தில் அதன் முகத்தைப் பார்க்கும் பாக்கியம் வேறு எந்த வகுப்பிலும் கிடைக்காது. வர்ணம் பாட வருகிறவர்களுக்கு அதெல்லாம் எப்போதோ நடந்து முடிந்திருக்கும்.

முதலில் சுருதி விஷயம், அதாவது பாட்டுக்கு ஆதாரமான 'ச' எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. அந்த உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், எண் ஏறினால் சுருதியும் ஏறும். ஆரம்ப வகுப்புகளில் பாதித் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. பாடும் பெண்கள் பலருக்கும் ஐந்து கட்டைதான் சுருதி. நமக்குச் சௌகரியம் என்பதால் பிள்ளைகளையும் அதிலேயே பாட வைத்துவிடுகிறோம். ஐந்து கட்டையில் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் (நடு வரிசையின் 'ச') ஆறு வயதுப் பிள்ளைக்குத் தாழ்வு. முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, தொண்டையை அழுத்தி, உறுமுவதுபோல ஒரு 'ச' வரும். பிள்ளைக்குச் சுருதி சேரவில்லை என்று முடிவு கட்டிவிடுவோம். ஐந்தரைக்கோ ஆறுக்கோ ஏற்றிப் பாருங்கள். அன்றைக்கே சில பிள்ளைகளுக்குச் சேர்ந்துவிடும். மேல் ஷட்ஜத்தில் நமக்குத்தான் கொஞ்சம் சிரமம். நான் வகுப்புக்கு முன்னால் வெந்நீர் குடித்துவிட்டு, வகுப்பில் மெல்லிய குரலிலேயே பாடுகிறேன். நாம் கத்தினால் அவர்களும் கத்துவார்கள். நாம் மெதுவாகப் பாடினால் கேட்பதற்காகவாவது வாயை மூடுவார்கள். கத்திப் பாடும் பழக்கம் குழந்தைத் தொண்டைக்குக் கெடுதல். நாள்பட்ட கத்தலால் குரல் நாண்களில் முடிச்சு விழுவதுகூட உண்டு. "இன்னும் சத்தமா!" என்ற வார்த்தை என் கூடத்தில் கிடையாது.

ஆண் ஆசிரியர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். அவர்கள் ஒரு ஸ்தாயி, அதாவது ஏழு ஸ்வர வரிசை ஒன்று, கீழே பாடும்போது பிள்ளைகள் அந்தக் கனத்தையே பிடிக்கப் பார்த்துக் குரலை இறக்குவார்கள். அந்த இடத்தில் வயலினிலோ கீபோர்டிலோ வாசித்துக் காட்டுவது நல்லது. இல்லாவிட்டால் ஏற்கெனவே சேர்ந்து பாடும் ஒரு பிள்ளையை முன்னால் பாடவிட்டு, மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்ளட்டும். பிள்ளைக் குரலைப் பிள்ளைக் குரல் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

ஒரு பையன் வந்து சேர்ந்தான். ஆறு வயசு. எல்லா ஸ்வரத்தையும் ஒரே இடத்தில் நிறுத்திச் செய்தி வாசிப்பதுபோலச் சொல்வான். அவன் பாட்டிக்கு ஒரே கவலை. "இவனுக்குச் சங்கீத ஞானமே கிடையாதும்மா, எங்க வீட்ல யாருக்குமே இல்ல" என்று அவன் காதுபடவே சொன்னார். நான் அவனைத் திருத்தப் போகவில்லை. அவன் 'ச' என்று எந்த இடத்தில் சொன்னானோ அந்த இடத்துக்குச் ஆதார சுருதியை விடாமல் ஒலிக்கும் சுருதிப் பெட்டியைத் திருகிக் கொண்டுபோனேன். மூன்று கட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. பெட்டியின் சத்தமும் அவன் குரலும் ஒன்றோடொன்று ஒட்டியதும் பாடுவதை நிறுத்திவிட்டுப் பெட்டியைப் பார்த்தான். திரும்பவும் பாடினான், திரும்பவும் பார்த்தான். சேருவது என்றால் எப்படி இருக்கும் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். அப்புறம் வகுப்புக்குக் கால் கட்டை, அரைக் கட்டை என்று பெட்டியை ஏற்றிக்கொண்டே போனோம், அவனும் கூடவே வந்தான். இப்போது ஆறு கட்டையில் எல்லோரோடும் பாடுகிறான். சேராத பிள்ளை என்று ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை. சேர்ந்த அனுபவம் இன்னும் கிடைக்காத பிள்ளைகள் நிறைய உண்டு. அந்த முதல் அனுபவத்தைக் கொடுக்க நாம்தான் அவர்கள் இடத்துக்குப் போக வேண்டும். ஒரு குரலோடு குரல் சேர்ப்பது பல பிள்ளைகளுக்கு ஏழெட்டு வயதில்தான் உறுதிப்படுகிறது. ஐந்து வயதில் தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

சுருதிக்காக நாங்கள் ஆடும் ஒரு விளையாட்டு இருக்கிறது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று ஷட்ஜத்தைப் பிடிப்போம். நான் பெட்டியை அணைத்துவிடுவேன். மூச்சு தீரத் தீர விட்டுவிட்டு எடுத்துக்கொண்டு, பிடித்த இடத்தை விடாமல் வைத்திருக்க வேண்டும். பத்து பதினைந்து எண்ணியதும் பெட்டியைத் திரும்பப் போடுவேன். ஒட்டினால் கூடம் முழுக்கக் கைதட்டல். விலகியிருந்தால் "ஐயோ, இறங்கிட்டோம்!" என்ற கூச்சல். எவ்வளவு இறங்கினோம் என்று அவர்களே கையால் காட்டுவார்கள். பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும், ஏறுவது அபூர்வம். "நின்று சுருதி கேளுங்கள்" என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறாதது இந்த விளையாட்டில் தானாக ஏறிவிடுகிறது. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னால் இன்னும் நன்றாக வரும்.

அடுத்தது எந்த ராகத்தில் தொடங்குவது என்ற பழைய கேள்வி. பதினாறாம் நூற்றாண்டில் புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் பாட வரிசைதான் இன்றைக்கும் நம் வீடுகளில் நடக்கிறது. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி, ஜண்டை, தாட்டு, ஏழு தாள அலங்காரங்கள் என்ற ஸ்வரப் பயிற்சிகள், அப்புறம் கீதம் என்ற சின்னப் பாட்டு. மாயாமாளவகௌளை 15-ஆவது மேளம், அதாவது தாய் ராகம். அதில் ரிஷபம் ஷட்ஜத்துக்கு அரை ஸ்வரம் மேலே, மிகவும் நெருக்கமாக இருக்கிறது. சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு அது பழக்கமில்லாத இடம். பிள்ளைகள் பாடினால் 'ரி' மேலே மேலே போகும், அதற்கு அடுத்த மேல் 'ரி'-யான சதுஸ்ருதி ரிஷபத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். 'ச'-வை நீளமாகப் பிடித்து, அதிலிருந்து கொஞ்சமாகத் தூக்கி, உடனே 'ச'-வுக்கே திரும்பும்படி ச ரி ச, ச ரி ச என்று மட்டும் சில நாள் பாடவைத்தால் சரியாகிவிடும். அந்த நாட்களில் காந்தாரத்துக்கே ('க') போக மாட்டேன்.

இந்த ராகத்தை எதற்காக முதலில் வைத்தார்கள் என்பதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். எனக்கு மறக்க முடியாத காரணத்தைச் சொன்னவள் ஏழு வயசுக்காரி ஒருத்தி. ஒரு நாள் வரிசையை இரண்டாகப் பிரித்துப் பாடிக்கொண்டிருந்தோம். நான் ச ரி க ம, அவர்கள் ச ரி க ம. நான் ப த நி ச, அவர்கள் ப த நி ச. திடீரென்று அவள் எழுந்து நின்று, "மிஸ், இது அதேதான்! மாடி வீட்ல இருக்கு!" என்றாள். மற்ற பிள்ளைகளுக்குப் புரியவில்லை. "பாடிக் காட்டு" என்றேன். கையைத் தரைப்பக்கம் வைத்துக்கொண்டு ச ரி க ம பாடினாள். கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ப த நி ச பாடினாள். ஸ்வரப் பெயரை எடுத்துவிட்டு அகாரத்தில் பாடு என்றேன். ஆ ஆ ஆ ஆ, கீழே ஒரு தடவை, மேலே ஒரு தடவை. இரண்டும் ஒரே நடைதான். அரை, பெரிய தாவல், அரை. எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. அன்றைக்கு வகுப்பு முடியும்வரை கீழ் வீடு, மாடி வீடு என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். கீழ்ப் பாதி பூர்வாங்கம், மேல் பாதி உத்தராங்கம் என்று மேளத்தை இரண்டாகப் பிரித்து 72 மேளங்களை அடுக்கிய கணக்கு பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி கொடுத்தது. நான் அதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவள். அந்தப் பிள்ளை புத்தகம் பார்க்காமல், கேட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு மாயாமாளவகௌளையின் மேல் பாதியை நான் பாடும் விதமே மாறிவிட்டது. கீழ்ப் பாதி எப்படி ஒலித்ததோ அதைக் காதில் வைத்துக்கொண்டு பாடுகிறேன். தைவதம் ('த') என் குரலில் முன்பைவிடச் சுத்தமாக விழுகிறது.

இதனால் எல்லோரும் மாயாமாளவகௌளையில்தான் தொடங்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. காது விளையாட்டுகளுக்கு நான் மோகனத்தை எடுத்துக்கொள்கிறேன். ச ரி க ப த, ஐந்தே ஸ்வரம், அரை ஸ்வர நெருக்கம் எங்கேயும் இல்லை. எப்படிக் கோத்தாலும் கேட்க நன்றாக இருக்கும் என்பதால் பிள்ளைகள் தாங்களாகவே மெட்டுக் கட்டலாம். தெருவில் விளையாடும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் ராகம் போட்டு நீட்டிக் கூப்பிடுவதைக் கேட்டிருப்பீர்கள். பல தடவை அது மோகனத்தின் பஞ்சமத்திலிருந்து காந்தாரத்துக்கு இறங்கும் இறக்கம்தான். ஹங்கேரியில் ஸோல்தான் கோடாய் (1882–1967) வழிவந்த ஆசிரியர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதே இரண்டு ஸ்வர இறக்கத்தைத்தான். நாங்கள் வருகைப் பதிவையே அதில் பாடுகிறோம். நான் 'ப க' என்ற இறக்கத்தில் பெயரைக் கூப்பிடுவேன், அவர்கள் அதே இறக்கத்தில் "வந்தேன்" என்பார்கள். வெட்கப்படும் பிள்ளையும் தன் பெயருக்குப் பதில் சொல்லிவிடும். தனியாகப் பாடினோம் என்பது அதற்கே தெரியாது.

தாளத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் குட்டிகள் வகுப்பில் ருசியே இதுதான்.

ஐந்து வயதுக் கைக்கு லகு எண்ணுவது சுலபமில்லை. தட்டிவிட்டு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று ஒவ்வொன்றாகத் தொடைமேல் வைக்க வேண்டும். மோதிர விரல் தனியாக வராது, பக்கத்து விரலையும் இழுத்துக்கொண்டு வரும். விரலைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாட்டு நின்றுவிடும். அதனால் முதலில் நடை. கூடத்தைச் சுற்றி எட்டு அடி, திரும்பி எட்டு அடி. அடி வைத்துக்கொண்டே சரளி. தாளம் உடம்பில் இறங்கிய பிறகு விரலுக்கு வந்தால் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

மூன்றாவது சரளி வரிசையில் எல்லாப் பிள்ளைகளும் தடுக்கும். ச ரி க, ச ரி க, ச ரி என்று வரும் இடம். மூன்றாவது தடவையும் 'க' வரும் என்று காது எதிர்பார்க்கும். அது வராமல் அடுத்த ஆவர்த்தனம் (தாளச் சுற்று) தொடங்கிவிடும். எட்டு எண்ணிக்கைக்குள் மூன்று, மூன்று, இரண்டு. தகிட தகிட தக. இப்படித் தாளச் சொற்கட்டாகச் சொல்லிப் பார்த்தேன், பாதிப் பேருக்கு வந்தது. அப்புறம் காய்கறிக்கு மாற்றினேன். வெண்டைக்காய், வெண்டைக்காய், பூண்டு. வெண்-டைக்-காய், வெண்-டைக்-காய், பூண்-டு. இரண்டு சுற்று சொன்னோம், மூன்றாம் சுற்றில் ச ரி க, ச ரி க, ச ரி தானாக வந்து விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் அந்த இடத்தில் தடுக்கவில்லை.

காய்கறிக் கூடை அதோடு நிற்கவில்லை. தக்காளி மூன்று, அது தகிட. கத்திரிக்காய் நான்கு, தகதிமி. கருவேப்பிலை ஐந்து, தகதகிட. தக்காளி கத்திரிக்காய் என்றால் ஏழு, மிஸ்ரம் ஆயிற்று. கத்திரிக்காய் கருவேப்பிலை என்றால் ஒன்பது, சங்கீர்ணம். திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்ற ஐந்து ஜாதிகளும் (தாள எண்ணிக்கை வகைகள்) ஒரு சாம்பாருக்குள் அடங்கிவிட்டன. வீட்டில் அம்மா காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. வீட்டுப் பயிற்சிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒரு நாள் ஒரு பையன் உருளைக்கிழங்கைக் கொண்டுவந்தான். உ-ரு-ளைக்-கி-ழங்-கு. ஆறு. ஆறு என்றால் எப்படி ஆறு? "ரெண்டு தகிட" என்றான் அவன். "இல்ல, மூணு தக" என்றாள் பக்கத்தில் இருந்தவள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. சரி, இரண்டு பேரும் தட்டிக் காட்டுங்கள் என்றேன். அவன் உருளைக்கிழங்குக்குள் இரண்டு தட்டுத் தட்டினான். அவள் அதே உருளைக்கிழங்குக்குள் மூன்று தட்டினாள். பிறகு சேர்ந்து தட்டச் சொன்னேன். முதல் தட்டு ஒன்றாக விழுந்தது, நடுவில் பிரிந்து போனது, அடுத்த 'உ'-வில் மறுபடி சேர்ந்தது. மற்ற பிள்ளைகள் பிரமித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிருதங்க வித்வான்கள் வருஷக்கணக்காகச் சாதகம் செய்யும் சமாசாரத்தின் விதை அது. சண்டையிலிருந்து முளைத்தது. நான் அன்றைக்குத் திட்டமிட்டிருந்த பாடத்தைத் தொடவே இல்லை. இப்படிப்பட்ட நாட்களில் பாடத்தை மூடிவைத்துவிட வேண்டும் என்பது என் திடமான கருத்து. பாடம் நாளைக்கும் இருக்கும், உருளைக்கிழங்குச் சண்டை இருக்காது.

திருத்துவதைப் பற்றிக் கொஞ்சம். "தப்பு" என்று சொல்லி நிறுத்தினால் பெரியவர்கள் மறுபடி பாடுவார்கள். குட்டிகள் குரலைச் சின்னதாக்கிக்கொள்வார்கள். அப்புறம் அந்தக் குரலை வெளியே கொண்டுவர மாதங்கள் ஆகும். நான் பிள்ளை பாடியதையும், பாட வேண்டியதையும் அடுத்தடுத்துப் பாடிக் காட்டி, "இதுல நம்ம பாட்டு எது, ஒண்ணா ரெண்டா?" என்று கேட்பேன். "ரெண்டு" என்று சரியாகச் சொல்லிவிடும். சொன்னதும் தானே அப்படிப் பாடப் பார்க்கும். காது முன்னால் போகும், குரல் பின்னால் வரும். இதற்கு எதிர் விளையாட்டும் உண்டு. நான் வேண்டுமென்றே ஒரு ஸ்வரத்தை மாற்றிப் பாடுவேன், கண்டுபிடிப்பவர் கையைத் தூக்க வேண்டும். மிஸ் தப்பாகப் பாடுவதைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு இருக்கும் ஆனந்தத்தை வார்த்தையில் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் பெரிதாக மாற்றுவேன். போகப் போக ரிஷபத்தைக் கொஞ்சமே ஏற்றுவேன். அதையும் பிடிக்கிறார்கள்.

பாடாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் அவசரப்படுகிறார்கள். ஒரு சிறுமி பல வாரம் வாயே திறக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். ஆனால் அவள் கால் கட்டைவிரல் ஒரு எண்ணிக்கைகூட விடாமல் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வாயைப் பார்க்காமல் காலைப் பார்த்ததால் எனக்குக் கவலை வரவில்லை. அவளைத் தாளம் போடும் ஆளாக நடுவில் உட்கார வைத்தேன். மற்றவர்கள் ஓடினால் நிறுத்த வேண்டியது அவள் வேலை. முதல் முதலாக அவள் வாய் திறந்தது பாட அல்ல, "மெதுவா!" என்று அதட்ட. அதற்கடுத்த வகுப்பில் பாட்டும் வந்துவிட்டது.

வகுப்பு நேரம் நாற்பது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ஐந்து வயதுக்காரர்களுக்கு அரை மணியே அதிகம். ஒரு விஷயத்தில் ஐந்தாறு நிமிஷம், அப்புறம் எழுந்து நடை, அப்புறம் உட்கார்ந்து பாட்டு என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு குழுவுக்கு ஆறு பேருக்கு மேல் சேர்த்தால் தனித்தனியாக ஒவ்வொரு குரலையும் கேட்க முடியாது. கேட்க முடியாவிட்டால் நமக்கும் சந்தோஷம் போய்விடும். ஃபீஸ் குறையும், உண்மைதான். ஆன்லைன் வகுப்பில் சத்தம் தாமதித்து வருவதால் சேர்ந்து பாடவே முடியாது. நான் பாட அவர்கள் திருப்பிப் பாடுவதோடு சரி. வேறு ஊருக்குப் போன பிள்ளைகளுக்கு மட்டும் அதை வைத்திருக்கிறேன். வீட்டுப் பயிற்சிக்கு ஒரு நிமிஷ வாட்ஸப் பதிவு அனுப்புவேன். சாயங்காலம் விளக்கேற்றியதும் ஐந்து நிமிஷம், அதற்கு மேல் கேட்பதில்லை. தினமும் நடக்கும் ஐந்து நிமிஷம், ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து வாங்கும் ஒரு மணியைவிட மேல்.

பெருமாள் புறப்பாடு வீதிப்பக்கம் வந்தால் வகுப்பு வாசலுக்குப் போய்விடும். நாகஸ்வரம் நம் சுருதிக்கு மேலா கீழா, தவில் எத்தனையில் ஓடுகிறது என்று கேட்பேன். பதில் கலவையாகத்தான் வரும். பரவாயில்லை. கிட்ட நின்று நாகஸ்வரம் கேட்ட காதுக்கு அப்புறம் கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதை, நான் தனியாக விளக்க வேண்டியதில்லை. அசைத்துப் பாடினால் அசைத்தே திருப்பிப் பாடுவார்கள்.

என்ன பாட்டு சொல்லிக்கொடுப்பது என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. கீதத்துக்கு வரும்வரை ஸ்வரம் மட்டும் என்று வருஷக்கணக்கில் இழுப்பது சின்னப் பிள்ளைக்குத் தண்டனை. முதல் மாதத்திலிருந்தே அர்த்தம் புரியும் தமிழ்ப் பாட்டு ஒன்று கூடவே ஓட வேண்டும். அருணகிரிநாதர் சந்தம் என்றால் இன்னும் நல்லது. நாக்கு புரளப் புரளச் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே தாளத்தை விடமாட்டார்கள். கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வரங்கள். வெள்ளைக்காரர்களின் மெட்டுகளை எடுத்து அவர் சமஸ்கிருத சாகித்யம் (பாட்டு வரிகள்) எழுதியவை. சங்கராபரண ஸ்வரங்களில் கமகம் இல்லாமல் நேராக நடக்கும் என்பதால் குட்டிக் குரலுக்கு அளவாக இருக்கும். மலஹரி ராகத்துக் கீதத்துக்கு வரும்போது, ஸ்வரத்தை எழுதிப்போட்டு, "இதுல யார் காணாமப் போயிட்டாங்க?" என்று கேட்பேன். தேடித் தேடி 'நி' இல்லை என்று கண்டுபிடிப்பார்கள். காந்தாரம் இறங்கும்போது மட்டும் வருகிறது என்பதையும் ஒருவராவது கவனித்துவிடுவார். ஆரோகணம் (ஏறும் வரிசை), அவரோகணம் (இறங்கும் வரிசை) என்ற சொல்லை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

பெற்றோரிடம் நேராகப் பேசிவிடுவது நல்லது. "எப்ப மிஸ் மேடை ஏத்துவீங்க?", "டிவி போட்டிக்கு அனுப்பலாமா?" என்று இரண்டாம் மாதமே கேட்பவர்கள் உண்டு. ஏழு வயதுக்குள் யாரையும் தனியாக மேடையில் நிறுத்த மாட்டேன் என்று சேரும்போதே சொல்லிவிடுகிறேன். நவராத்திரியில் நாலைந்து வீட்டுக் கொலுவுக்கு எல்லோருமாகப் போய்ச் சேர்ந்து பாடுவோம். ஒருவர் மறந்தால் மற்றவர் எடுத்துக்கொள்வார். சுண்டல் வாங்கிக்கொண்டு வருவோம். போனில் படமெடுக்க முன்னால் வந்து நிற்கும் அப்பாக்களை ஒரு ஓரத்தில் உட்காரச் சொல்வேன். கேமராவைப் பார்த்ததும் பிள்ளையின் காது மூடிக்கொள்கிறது, கண் மட்டும் வேலை செய்கிறது. இதைக் கேட்டு இரண்டொருவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போனார்கள். வருத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் இந்த விஷயத்தில் நான் இறங்கி வருவதாக இல்லை.

ஆசிரியைக்கு ஒரு வார்த்தை. குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் தன் சாதகத்தை விடக் கூடாது. காலையில் எனக்கென்று ஒரு மணி நேரம் வைத்திருக்கிறேன். அதில் எனக்கு இன்னும் சரியாக வராத ஒன்றைப் பாடுவேன். இப்போது ஒரு அட தாள வர்ணத்தை மூன்று காலத்தில் (மூன்று வேகத்தில்) பாடப் போராடிக்கொண்டிருக்கிறேன். காலையில் நாமே திணறியிருந்தால், சாயங்காலம் மோதிர விரலோடு திணறும் பிள்ளையிடம் பொறுமை தானாக வரும். இன்னொன்று, வாரம் ஒரு தடவையாவது வகுப்பு முடிந்ததும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். யார் என்ன கேட்டார்கள், எந்த இடத்தில் முகம் மாறியது என்று. பாட விவரம் வேண்டாம். அலுப்பு வரும் நாளில் அந்த நோட்டைப் புரட்டினால் போதும்.

வரும் விஜயதசமிக்குப் புதிதாக ஐந்து வயதுக்காரர்கள் சிலர் சேர இருக்கிறார்கள். இதுவரை மோகனத்தையும் மாயாமாளவகௌளையையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துத்தான் ஓட்டிவந்தேன். இந்தக் குழுவுக்கு விஜயதசமியன்று சம்பிரதாயத்துக்கு மட்டும் மாயாமாளவகௌளையில் ச ப ச பாடிவிட்டு, தைப்பொங்கல்வரை முழுக்க மோகனத்திலேயே வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பொங்கலுக்குப் பிறகு மாயாமாளவகௌளையின் நெருக்கமான 'ரி'-யான சுத்த ரிஷபத்தை முதல் தடவையாகக் கேட்கும்போது அவர்களுக்கு அது அந்நியமாக இருக்குமா, இல்லை மோகனத்தில் பழகிய காது சுலபமாகப் பிடித்துக்கொள்ளுமா என்று தெரிந்துகொள்ள ஆசை. இப்படிச் செய்து பார்த்த ஆசிரியைகள் இருந்தால், எத்தனை மாதம் கழித்து மாற்றினீர்கள், 'ரி' எப்படி வந்தது என்று சொல்லுங்கள்.